படைவீரன் கேட்ட வினா



திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்துள்ள அகரம் எனது ஊர். குடகனாறு பாயும் அச்சமவெளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் மாணவர் பலர் படையில் சேர்ந்தனர். அவருள் ஒருவன் கேட்ட வினாவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பள்ளி நாட்களில் ஓட்டப் பந்தயத்தில் அவனை வெல்வார் இல்லை. பத்தொன்பதாம் வயதில் படையில் சேர்ந்தான். வடக்கே பனிமலைப் பகுதியில் பல ஆண்டுகள் காவல் புரிந்தான். முப்பத்தோராம் வயதில் ஒரு நாள் காலை அவனுடைய வலக்கண் மங்கிற்று. சில வாரங்களில் பார்வை மீண்டது. மறு ஆண்டு கால்கள் மரத்தன, நடை தள்ளாடியது. மருத்துவர்கள் அந்நோயை ‘மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்’ என்றனர். 2016-ஆம் ஆண்டில் அவன் பணியிலிருந்து விலக்கப்பட்டான். ‘இந்நோய் உடலின் இயல்பால் வந்தது, படைப்பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று எழுதித் தந்தனர். இயலாமைக்குரிய ஓய்வூதியம் மறுக்கப்பட்டது.

ஊன்றுகோலோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். “ஐயா, இது எனக்கு ஏன் வந்தது? பனியினாலா? எங்களுக்குப் போட்ட ஊசிகளினாலா? வெடிப்புகையினாலா?” என்று கேட்டான்.

“விதி, தம்பி, மனத்தைத் தேற்றிக்கொள்” என்றேன்.

அவன் மறுமொழி கூறாமல் எழுந்து போனான். ‘ஏன்’ என்று கேட்கும்படி பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்த நான், அவ்வினா என் வீட்டு வாயிலுக்கு வந்தபோது கதவைச் சாத்திவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் அதைப்பற்றிக் கற்கத் தொடங்கினேன். கற்றதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நமது நரம்பு இழைகள் மின்கம்பியைப் போன்றவை. கம்பியின் மேல் உறை இருப்பதுபோல, அவற்றின் மேல் ‘மயலின்’ என்னும் கொழுப்புறை உண்டு. அவ்வுறை இருப்பதனாலேயே மூளையின் கட்டளை விரைந்து செல்கிறது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு அணுக்கள், பகையென்று பிறழ உணர்ந்து அவ்வுறையையே தாக்குவது இந்நோயின் இயல்பு. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தழும்புகள் இறுகுகின்றன. அதனாலேயே ‘பல இறுக்கங்கள்’ என்னும் பொருளில் அப்பெயர் வந்தது. பாரிசு நகரத்து மருத்துவர் ஷார்க்கோ 1868-இல் இதனைத் தெளிவாக வரையறுத்தார். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் இது தலைகாட்டுகிறது. 2020-இல் வெளிவந்த உலகக் கணக்கின்படி ஏறத்தாழ 28 இலட்சம் மக்களுக்கு இந்நோய் உண்டு.

இனி, இது எதனால் வருகிறது? இவ்வினாவுக்கும் படைவீரர்க்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1940-இல், பிரிட்டிஷ் படையினர் வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோ தீவுகளில் இறங்கி, ஐந்தாண்டுகள் தங்கினர். அத்தீவு மக்களிடையே 1943 முதல் இந்நோய் காணப்பட்டதாக அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜான் கர்ட்ஸ்கி கண்டார். படையினரோடு ஏதோ ஒரு தொற்று வந்திருக்கலாம் என அவர் கருதினார். வேறு அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. நோய் முன்பே இருந்து, கண்டறிவார் இல்லாமல் போயிருக்கலாம் அன்றோ என வினவினர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததனாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது.

எனினும் 2022 சனவரியில் ஒரு பெரிய வெளிச்சம் கிடைத்தது, அதுவும் படைவீரர்களிடமிருந்தே. அமெரிக்கப் படையினரிடம் காலந்தோறும் எடுத்த இரத்த மாதிரிகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. ஹார்வர்டு அறிஞர்கள், இருபது ஆண்டுக் காலத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தனர். அவருள் 955 பேருக்கு இந்நோய் வந்திருந்தது. 801 நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்ததில், ஒருவர் நீங்கலாக எல்லாரும் நோய் தோன்றுமுன்பே ‘எப்ஸ்டீன்-பார்’ என்னும் வைரசுத் தொற்றுக்கு ஆளானவர்களாக இருந்தனர். அத்தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது.

அப்படியாயின் விடை கிடைத்துவிட்டதா? முழுமையாக இல்லை. உமிழ்நீரால் பரவும் அவ்வைரசு உலகில் வயதுவந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உண்டு. அவருள் மிகச் சிலரே நோயுறுகின்றனர். தீக்குச்சி ஒன்று, வைக்கோல் உலர்ந்திருத்தல் மற்றொன்று. பிறப்பில் அமைந்த மரபணு, வெயில் குறைவு, புகைபிடித்தல் ஆகியவையும் பங்கு கொள்கின்றன. தடுப்பூசிகளே காரணம் என்பதைப் பெரிய ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. ஒரு தனி மனிதனைச் சுட்டி, ‘உனக்கு இதனால்தான் வந்தது’ என்று கூற இன்றைய அறிவியலால் இயலாது. அது பலரை எண்ணி உண்மை காண்பது.

மாணவர்களே, அவனுடைய வினாவுக்குள் இரண்டு வினாக்கள் இருந்தன என்பதை இங்கேதான் உணர்ந்தேன். ‘ஏன் வந்தது?’ என்பது ஒன்று. ‘இதன் சுமையை யார் தாங்குவது?’ என்பது மற்றொன்று. முன்னதற்கு முழு விடை கிடைக்கும்வரை பின்னது காத்திருக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில், பணி முடிந்து ஏழு ஆண்டுகளுக்குள் இந்நோய் குறிப்பிட்ட அளவில் வெளிப்பட்டால், அது பணியோடு தொடர்புடையதெனவே சட்டம் கொள்கிறது. பணியே நோயைத் தந்தது என்று அச்சட்டம் கூறவில்லை. ஐயத்தின் பயன் யாருக்கு என்பதையே அது முடிவு செய்கிறது.

நமது நாட்டிலும் 1982-ஆம் ஆண்டு விதிகள் இவ்வறத்தைத் தழுவியவை. 1985-இல் படையில் சேர்ந்து, 1994-இல் வலிப்பு நோயால் விலக்கப்பட்ட தரம்வீர் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 சூலை 2-ஆம் நாள் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் எழுதப்படவில்லையாயின், வீரன் நலத்தோடு சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். பின்னர் வந்த கேடு பணியால் வந்ததென்றே கருதவேண்டும். அன்று என மெய்ப்பிக்கும் கடமை வீரனுடையது அன்று, அரசினுடையது என்பது அத்தீர்ப்பின் சாரம். பணியால் வந்தது மட்டுமன்று, பணியால் மிகுந்ததும் இழப்பீட்டுக்கு உரியதே. 2023 செப்டம்பர் 21-ஆம் நாளுக்குப் பின் விலகுவோர்க்குப் புதிய விதிகள் வந்துள்ளன. ஆதலின் விலகிய நாளைப் பார்த்தே விதியைப் பார்த்தல் வேண்டும். முறையிடுவதற்கென 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் படைத்துறைத் தீர்ப்பாயம் அமைந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. மேலும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சுட்டியே ஏற்றுள்ளது.

இவற்றைக் கற்றபின் நானே அவன் வீட்டுக்குச் சென்றேன். “தம்பி, அன்று நான் சொன்னது தவறு” என்றேன். அவனிடமிருந்த ஆங்கிலத் தாள்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி விளக்கினேன். சேரும் நாளில் எடுத்த மருத்துவக் குறிப்பில் குறை ஒன்றும் எழுதப்படவில்லை. பள்ளியின் பழைய விளையாட்டுப் பதிவேட்டில் அவன் ஓடிய நேரங்கள் என் கையெழுத்திலேயே இருந்தன. அதன் படியையும் முறையீட்டோடு இணைத்தோம்.

முறையீடு இன்னும் முடிவு பெறவில்லை. கால்களும் தேறவில்லை. நோய் தீவிரமாவதைக் குறைக்கும் மருந்துகள் இன்று உண்டு, ஒழுங்காக உட்கொள்கிறான். சென்ற வாரம் வந்தபோது, “காரணம் முழுதும் தெரியாவிட்டாலும் போகட்டும் ஐயா, கேட்டது தவறில்லை என்று தெரிந்ததே, அது போதும்” என்றான்.

நாளை உங்களுள் ஒருவர் மருத்துவராவீர். ஒருவர் அலுவலகத்தில் தாள்களை எழுதுவீர். உங்கள் முன்னும் ஒருவன் இவ்வினாவோடு வந்து நிற்பான். விடை தெரியாதாயின் தெரியாதென்று சொல்லுங்கள். தெரியாமையை ‘விதி’ என்றோ, ‘தொடர்பில்லை’ என்றோ எழுதிக் கொடுத்து அவனை அனுப்பிவிடாதீர்கள்.