வைஃபை பாஸ்வேர்டு: கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவது?

ஒரு போனில் இருக்கிற வைஃபை பாஸ்வேர்டை இன்னொரு போனுக்கோ டேப்லெட்டுக்கோ எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் காளவாசல் பக்கம் இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எப்படி? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பைபாஸ் ரோடும் தேனி ரோடும் சந்திக்கிற இந்தப் பகுதியில் வீடுகள் எப்படி இருக்கும்னு மதுரைக்காரர்களுக்குத் தெரியும். கீழே ஹவுஸ் ஓனர், மாடியில் ஒன்றோ இரண்டோ குடித்தனம். நெட் கனெக்‌ஷன் ஒன்றுதான், பில் ஆளுக்குப் பாதி. சாயங்காலம் முன் ரூமில் டியூஷன் நடந்தால் பத்துப் பிள்ளைகளும் அதே வைஃபையில்தான். பொங்கலுக்கு வருகிற மச்சான், சிசிடிவி மாட்ட வந்த பையன், எதிர் வீட்டு அக்கா என்று ஒரு பாஸ்வேர்டு ஊர்கோலம் போகும்.

கொடுக்கும் வழிகள்

ஆண்ட்ராய்டு போன் என்றால், செட்டிங்ஸில் வைஃபை பக்கத்துக்குப் போய் நீங்கள் இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொடுங்கள். 'ஷேர்' என்று ஒரு பட்டன் இருக்கும். கைரேகை அல்லது பின் நம்பர் கேட்டுவிட்டு ஒரு க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி உண்டு. வாங்குகிற போனின் கேமராவை அதன் மேல் காட்டினால் போதும். ஐபோன், ஐபேட் கேமராவும் இந்தக் கட்டத்தைப் படித்துவிடும்.

இரண்டுமே ஆப்பிள் கருவிகள் என்றால் கட்டம்கூட வேண்டாம். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபேடில் நெட்வொர்க் பெயரைத் தொட்டதும் பக்கத்தில் இருக்கிற ஐபோனில் "பாஸ்வேர்டைப் பகிரவா?" என்று கேட்கும். இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இரண்டிலும் வைஃபையும் புளூடூத்தும் ஆனில் இருக்கணும், ஹாட்ஸ்பாட் ஆஃபில் இருக்கணும், ஒருவரின் ஆப்பிள் கணக்கு மின்னஞ்சல் மற்றவரின் கான்டாக்ட்ஸில் இருக்கணும். கேள்வி வரவே மாட்டேங்குதுன்னு சொல்கிறவர்கள் இந்தக் கடைசி நிபந்தனையை முதலில் பாருங்கள்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்குக் கொடுப்பது முன்பெல்லாம் வம்பு. 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 முதல் சேமித்த பாஸ்வேர்டை எழுத்தாகவே பார்க்கலாம். 2024-ல் ஐஓஎஸ் 18-உடன் வந்த பாஸ்வேர்ட்ஸ் செயலியில் க்யூ.ஆர். கட்டமாகவும் எடுக்கலாம்.

டேப்லெட்டில் நெட்வொர்க் பெயரே தெரியவில்லை என்றால் பாஸ்வேர்டைக் குறை சொல்லாதீர்கள். விலை குறைந்த, பழைய டேப்லெட்டுகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸைப் பார்க்காது. பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டு தப்பு என்றால், முதல் எழுத்தை கீபோர்டு தானாகப் பெரிய எழுத்தாக்கிவிட்டதா என்று பாருங்கள்.

அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

க்யூ.ஆர். கட்டம் என்றால் ஏதோ பூட்டிய பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்த எழுத்துமுறை அது. உங்கள் வைஃபை கட்டத்துக்குள் நெட்வொர்க் பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு மூன்றும் எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே இருக்கின்றன. சாதாரண ஸ்கேனர் செயலி எதுவாக இருந்தாலும் படித்துச் சொல்லிவிடும். எனவே அந்தக் கட்டத்தை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும், ஹால் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு அதன் முன்னால் நின்று பிறந்தநாள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும், பாஸ்வேர்டையே எழுதிப் போடுவதும் ஒன்றுதான்.

பாஸ்வேர்டு என்ன வேலை செய்கிறது?

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது டபிள்யூ.பி.ஏ.2 முறை. 2004-ல் வந்தது. இதில் உங்கள் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. போனும் ரவுட்டரும் தனித்தனியாக, பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4096 சுற்று ஒரு கணக்கில் அரைத்து ஒரு சாவியைத் தயார் செய்கின்றன. பிறகு, "என்கிட்டயும் அதே சாவிதான் இருக்கு" என்று சாவியைக் காட்டாமலே ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொள்கின்றன.

மாவை அரைத்தபிறகு அரிசியையும் உளுந்தையும் பிரித்தெடுக்க முடியாது. அதே மாதிரி அந்தச் சாவியிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். "இந்த அளவு அரிசி, இந்த அளவு உளுந்தாக இருக்குமோ" என்று ஊகித்து அதே கிரைண்டரில் அரைத்து, கிடைத்த மாவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். திருடன் செய்வது இதைத்தான். போனும் ரவுட்டரும் பேசிக்கொண்ட அந்தச் சில விநாடிகளைப் பதிவு செய்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டே இருப்பான். 4096 சுற்று வைத்ததே அவனைத் தாமதப்படுத்தத்தான்.

ஆனால் இன்றைய விலை உயர்ந்த கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு 20 லட்சம் ஊகங்களுக்கு மேல் அரைத்துப் பார்க்கும். இப்போ நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். நெட் கனெக்‌ஷன் போட வருகிற தம்பி பல வீடுகளில் ஓனருடைய மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போவார். மறக்காதுல்ல! இந்திய மொபைல் நம்பர் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். விநாடிக்கு 20 லட்சம் என்றால் 2000 விநாடி, அதாவது 33 நிமிடம். அதுவும் எல்லா நம்பரையும் முயன்று பார்த்தால்தான். கேட்டில் மாட்டியிருக்கிற 'டூ லெட்' பலகையில் நம்பர் இருந்தால் அரைக்கவே வேண்டாம், படித்தாலே போதும். பிறந்த தேதி என்றால் நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,500 தேதிகள்தான். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

இது கற்பனைக் கணக்கில்லை. 2021-ல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சாதாரணக் கருவியுடன் சுற்றி 5000 வைஃபை நெட்வொர்க்குகளின் தரவைச் சேகரித்தார். அவற்றில் 3500-க்கு மேற்பட்டவற்றின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டார். முக்கியமான காரணம், அங்கேயும் மக்கள் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்ததுதான்.

தெரிந்தவர் கையில் இருந்தால் என்ன நஷ்டம்?

"நல்ல மனுஷங்கதானே, டேட்டாதானே, போனா போகட்டும்" என்பார்கள். டேட்டா போவது பெரிய விஷயமே இல்லை. மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, வீட்டுக்குள் இருக்கிற கருவிகள். ஒரே வைஃபையில் இருப்பவர் உங்கள் டிவி, பிரின்டர், கேமரா எல்லாவற்றுக்கும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல வீடுகளில் ரவுட்டரின் அமைப்புப் பக்கமே திறக்கும். அதன் பாஸ்வேர்டு பெட்டி வந்த நாளில் இருந்ததாகவே இருந்தால், வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

இரண்டாவது, ஒட்டுக் கேட்பது. டபிள்யூ.பி.ஏ.2 வீட்டு முறையில் எல்லாருக்கும் மூலச் சாவி ஒன்றே. அதிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி உருவாகிறது, ஆனால் மூலம் தெரிந்தவர், போன் இணைகிற நேரத்தைப் பதிவு செய்தால் அந்தத் தனிச் சாவியையும் கணக்கிட்டுவிடலாம். பேங்க் தளங்களுக்குத் தனிப் பூட்டு உண்டு, அதனால் பணம் உடனே போய்விடாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். 2018-ல் அறிவித்த டபிள்யூ.பி.ஏ.3 இந்த ஓட்டையை அடைக்கிறது.

மூன்றாவதுதான் பெரியது. வெளியுலகத்துக்கு உங்கள் வீட்டு போன், டேப்லெட், மாடி வீட்டு லேப்டாப் எல்லாம் ஒரே முகவரிதான். அந்த முகவரி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் கேள்வி வரும்.

2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. 56 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் முகவரியைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவர் அனுப்பவில்லை. அவருடைய பூட்டில்லாத வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் விசாரணை, கணினிப் பறிமுதல் எல்லாம் அவருக்குத்தான். அதே வருடம் செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான், 2009 பிப்ரவரியில், தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு பற்றி இணைய சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

இத்தனை பெரிய விஷயம் நம் தெருவில் நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. ஒரு மிரட்டல் மெசேஜ், ஒரு போலி ஐடி, ஒரு ஆன்லைன் மோசடி போதும். காலி செய்து போனவரை யாரும் தேட மாட்டார்கள். பில்லில் யார் பெயர் இருக்கோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஏன் திரும்ப வாங்க முடியாது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஓனரம்மா கேட்டார். "தம்பி, மாடில இருந்தவங்க காலி பண்ணிப் பின் தெருவுக்குப் போயிட்டாக. இன்னும் நம்ம நெட்டு அவுக வீட்ல எடுக்குதாம்ல. அவுகள மட்டும் நிப்பாட்ட முடியாதா?"

முடியாது என்பதுதான் நேர்மையான பதில். பாஸ்வேர்டுக்கு ஆள் தெரியாது. இருபது பேருக்குக் கொடுத்தாலும் இருபதும் ஒரே சாவிதான். அதில் ஒன்றை மட்டும் செல்லாததாக்க வழியில்லை. ரவுட்டரில் அந்தப் போனை மட்டும் 'பிளாக்' செய்யலாம் என்பார்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும், 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் தங்கள் உண்மையான அடையாள எண்ணைக் காட்டாமல் கற்பனை எண் ஒன்றைக் காட்டுகின்றன. நெட்வொர்க்கை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் அந்த எண் மாறிவிடலாம். போதாததற்கு, போனில் சேமித்த பாஸ்வேர்டு கூகுள், ஆப்பிள் கணக்கு வழியாக அடுத்த போனுக்கும் போய்ச் சேரும். அவர்கள் கெட்ட எண்ணத்தில் வைத்திருப்பதில்லை, அது தானாகவே நடக்கிறது.

ஆக, மாற்றினால் எல்லாருக்கும் மாற்றணும். டிவி, கேமரா, டேப்லெட், அப்பாவின் போன் என்று எல்லாவற்றிலும் மறுபடி போடணும். அந்த அலுப்பில்தான் வருடக்கணக்கில் யாரும் மாற்றுவதில்லை.

ஒரு பெட்டி, இரண்டு வாசல்

இதற்குத் தீர்வு உங்கள் ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது, காசு செலவில்லை. பெரும்பாலான ஃபைபர் பெட்டிகளில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்றோ இரண்டாவது நெட்வொர்க் பெயர் என்றோ ஒரு வசதி இருக்கும். அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. முறையான கெஸ்ட் நெட்வொர்க்கில் வருகிறவர்களுக்கு இணையம் கிடைக்கும், உள்ளே இருக்கிற டிவியும் கேமராவும் தெரியாது. நீங்கள் வைத்தபிறகு அதில் இணைந்து, 192.168.1.1 திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திறந்தால் தடுப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நான் எல்லாரிடமும் சொல்கிற ஏற்பாடு இதுதான். முதல் வாசல் குடும்பத்துக்கு மட்டும். அதை யாருக்கும் வாயால் சொல்ல வேண்டாம், க்யூ.ஆர். காட்டி வீட்டுக் கருவிகளில் மட்டும் ஏற்றுங்கள். இரண்டாவது வாசல் விருந்தாளி, டியூஷன் பிள்ளைகள், வேலைக்கு வருகிறவர்களுக்கு. குடித்தனக்காரர்களுக்கு முடிந்தால் மூன்றாவதாக ஒன்று. அவர்கள் காலி செய்கிற அன்றைக்கு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போதே அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடுங்கள். உங்கள் டிவிக்கும் கேமராவுக்கும் எதுவும் ஆகாது. ஒன்றை மறக்க வேண்டாம்: வெளியுலக முகவரி அப்போதும் உங்களுடையதுதான். மாதக்கணக்கில் குடியிருக்கிறவர்கள் தங்கள் பெயரிலேயே கனெக்‌ஷன் எடுப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

குடும்ப வாசலின் பாஸ்வேர்டு எப்படி இருக்கணும்? 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம், ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும்தான் ஏற்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பல்லாங்குழி, தகரம், சுண்டல், குடை, மூங்கில் என்கிற மாதிரி (இதையே வைக்காதீங்க!). 2000 சொற்களிலிருந்து குருட்டாம்போக்கில் ஐந்தைப் பொறுக்கினால், மேலே சொன்ன அதே கார்டு எல்லாவற்றையும் முயன்று பார்க்க 500 வருடம் ஆகும். மொபைல் நம்பருக்கு 33 நிமிடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கும் ஞாபகம் இருக்கும், பேரனும் டேப்லெட்டில் தப்பில்லாமல் அடிப்பான்.

அப்படியே அந்த அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அங்கே 'டபிள்யூ.பி.எஸ்.' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பட்டனை அமுக்கி இணைக்கிற அந்த வசதியோடு வருகிற எட்டு இலக்க பின் நம்பரை, பாதிப் பாதியாகச் சோதிக்கிற கோளாறினால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே நிரூபித்துவிட்டார்கள்.

இவ்வளவையும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் போதும். ஓனரம்மா வீட்டில் அந்த அரை மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த குடித்தனம் வருவதற்கு முன்னாலேயே மாடிக்கு என்று தனி வாசல் தயார்.