பிக்குவெரி படிக்கப் போறீங்களா? பில் எகிறாமல் கற்றுத்தரும் பாடங்களை அடையாளம் காண்பது எப்படி?

ஒரு டேபிளில் பத்தே பத்து வரிசைகளை மட்டும் பார்க்க வேண்டும். 'செலக்ட் ஸ்டார்' போட்டு, கடைசியில் 'லிமிட் 10' என்று எழுதி ரன் பண்ணுகிறீர்கள். சில விநாடிகளில் பத்து வரிசைகளும் வந்துவிடுகின்றன. பத்து வரிசைக்குத்தானே காசு? இல்லை. அது சாதாரண டேபிளாக இருந்து, அதன் அளவு ஒரு டெராபைட் என்றால், அந்த ஒரு டெராபைட்டையும் படித்ததாகவே கணக்கு எழுதப்படும்.

கூகுளின் கிளவுட் டேட்டா தளமான பிக்குவெரியில் புதிதாக நுழைபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. நிறுவனத்தின் ஆவணங்களில் இந்த விஷயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் ஒருவர் அத்தனை பக்கங்களையும் புரட்டி அதைக் கண்டுபிடிப்பது எப்போது? 'இந்த இடத்துல பள்ளம் இருக்கு, பார்த்து வாங்க' என்று முன்கூட்டியே சொல்பவர்கள், ஏற்கெனவே அந்த வழியில் நடந்தவர்கள்தான். அப்படிப்பட்ட நிபுணர்கள் பலர் தங்கள் பாடங்களையும் வீடியோக்களையும் பயிற்சிக் கோப்புகளையும் இலவசமாகவே பகிர்கிறார்கள்.

குவிந்து கிடக்கும் அந்தப் பாடங்களில் எதை நம்பலாம்? எங்கிருந்து தொடங்கலாம்?

பிக்குவெரி எப்படி வேலை செய்கிறது?

ஒரு எக்ஸெல் ஷீட்டில் அதிகபட்சம் 10,48,576 வரிசைகள்தான் அடங்கும். கோடிக்கணக்கான வரிசைகள் கொண்ட தரவை அலச வேண்டுமென்றால் வேறு கருவி தேவை. கூகுள் தன் உள்வேலைகளுக்காக உருவாக்கிய 'டிரெமெல்' என்ற தொழில்நுட்பத்தின் அடிப்படையில் 2010-ல் வெளியே அறிமுகமானதுதான் பிக்குவெரி. சர்வர் வாங்க வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசரைத் திறந்து எஸ்க்யூஎல் எழுதினால் போதும்.

தரவை இது காலம் காலமாகப் பிரித்துச் சேமிக்கிறது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு டிராயர் உள்ள பெரிய பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் ஊரும் மட்டும் கேட்டால் இரண்டு டிராயர்தான் திறக்கும். 'செலக்ட் ஸ்டார்' என்றால் எல்லா டிராயரையும் திறந்தாக வேண்டும். 'லிமிட் 10' என்பது, அத்தனையையும் திறந்த பிறகு பத்து வரிசையை மட்டும் கையில் கொடுப்பது. டிராயரைத் திறந்த கூலி குறையாது.

இனி காசு கணக்கு. படித்த அளவுக்குப் பணம் கட்டும் முறையில், மாதத்துக்கு முதல் ஒரு டெராபைட் இலவசம். அதன் பிறகு அமெரிக்க மையங்களில் ஒரு டெராபைட்டுக்கு 6.25 டாலர். மற்ற இடங்களில் கட்டணம் மாறும். ஒரு டெராபைட் டேபிளில் சின்னச் சின்ன மாற்றங்களுடன் பத்து முறை 'செலக்ட் ஸ்டார்' ஓட்டினால், இலவச அளவு போக 56.25 டாலர். நம்மூர்க் கணக்கில் சுமார் 5,000 ரூபாய். அதுவும் ஒரே மதியத்தில்!

பாடம் நடத்துபவர்கள் யார்?

முதல் வகையினர், 'கூகுள் டெவலப்பர் எக்ஸ்பர்ட்' போன்ற அங்கீகாரம் பெற்றவர்கள். பெயரைப் பார்த்து கூகுள் ஊழியர்கள் என்று நினைக்க வேண்டாம். வேறு நிறுவனங்களில் வேலை செய்துகொண்டு, தன்னார்வமாகக் கற்றுக்கொடுப்பவர்கள் இவர்கள்.

இரண்டாவது, இலவசப் படிப்பையே நடத்தும் குழுக்கள். 'டேட்டாடாக்ஸ் கிளப்' நடத்தும் 'டேட்டா இன்ஜினீயரிங் ஜூம்கேம்ப்' இதற்கு நல்ல உதாரணம். பாடங்கள் யூடியூபிலும் கிட்ஹப்பிலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. மூன்றாவது, மற்றவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பதில் எழுதி வருபவர்கள்.

இதெல்லாம் வெறும் சேவைதானா? அப்படிச் சொல்ல முடியாது. பெயர் கிடைக்கும், அடுத்த வேலைக்கு உதவும், ஆலோசனை கேட்டு ஆள் வரும். அதில் தப்பில்லை. தங்கள் பெயரைப் போட்டுப் பகிர்வதால், பாடத்தில் பிழை இருந்தால் அவர்கள் பெயர்தான் கெடும். படிக்கிறவருக்கு அதுவே ஒரு பாதுகாப்பு.

காசு செலவில்லாமல் எங்கே தொடங்கலாம்?

பிக்குவெரி சாண்ட்பாக்ஸ்: கிரெடிட் கார்டு எண் கொடுக்க வேண்டியதில்லை. 10 ஜிகாபைட் சேமிப்பும், மாதம் ஒரு டெராபைட் வரை கேள்வி ஓட்டும் வசதியும் உண்டு. கார்டே இல்லை என்பதால் பில் வர வழியில்லை. ஆனால், நீங்கள் உருவாக்கும் டேபிள்கள் 60 நாட்களில் தானாகவே அழிந்துவிடும். இன்சர்ட், அப்டேட் போன்ற கட்டளைகளும் ஓடாது. பயிற்சிக்கு இது தாராளமாகப் போதும்.

கேகிள்: இங்குள்ள எஸ்க்யூஎல் அறிமுகப் பாடம் பிக்குவெரியை வைத்தே நடத்தப்படுகிறது. எஸ்க்யூஎல் சுத்தமாகத் தெரியாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஒரு கேள்வி எவ்வளவு தரவைப் படிக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பதையும், அதற்கு உச்சவரம்பு வைப்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

ஜூம்கேம்ப்: ஓரளவு நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு. நியூயார்க் நகர டாக்ஸிப் பயணத் தரவை வைத்துப் பாடம் போகிறது. ஒரு காலத்தைக் கேட்டால் எவ்வளவு, இரண்டு காலத்தைக் கேட்டால் எவ்வளவு, ஏன் இந்த வித்தியாசம் என்று வீட்டுப்பாடத்திலேயே கேட்கிறார்கள். மொத்த வரிசைகளை எண்ணச் சொன்னால் மட்டும் ஏன் பூஜ்யம் பைட் காட்டுகிறது என்பதும் ஒரு கேள்வி. வரிசைகளின் எண்ணிக்கை டேபிளின் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது, டிராயரைத் திறக்கவே தேவையில்லை என்பதுதான் பதில். இப்படி ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் எழுதியவருக்கு அந்த பீரோ கணக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

இறுதியில் சொந்தமாக ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். சக மாணவர்களின் புராஜெக்டுகளையும் மதிப்பிட வேண்டும். சான்றிதழ் வேண்டுமென்றால் அந்தந்த ஆண்டு நடக்கும் வகுப்போடு சேர்ந்து படிக்க வேண்டும்; தனியாகப் படித்தால் கிடைக்காது.

நல்ல பாடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1. தேதியைப் பாருங்கள்: ஒரு டெராபைட்டுக்கு 5 டாலர் என்று ஒரு பாடம் சொன்னால், அது 2023 ஜூலைக்கு முந்தைய கட்டணம். டேபிள் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதச் சொன்னால், அது இன்னும் பழைய எஸ்க்யூஎல் வகை. 2016-ல் வந்த புதிய வகைதான் இப்போது எல்லோரும் பயன்படுத்துவது.

2. செலவைப் பற்றிப் பேசுகிறதா? கேள்வியை எழுதிக் காட்டுவது எளிது. அது எத்தனை ஜிகாபைட் படிக்கும், அதை எப்படிக் குறைப்பது என்றும் சொல்கிற பாடம், நிஜமாகவே பில் கட்டிப் பார்த்த ஒருவரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். தேர்வு செய்ய இந்த ஒரு அளவுகோலே பெரும்பாலும் போதும்.

3. நீங்களே ஓட்டிப் பார்க்க முடிகிறதா? ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால் போதாது. பொதுத் தரவும் முழுக் கேள்வியும் கொடுத்திருக்க வேண்டும்.

4. எழுதியவர் நிபுணரா, மாணவரா? ஜூம்கேம்ப் போன்ற படிப்புகளில், கற்றதைப் பொதுவெளியில் பகிர்ந்தால் கூடுதல் மதிப்பெண் உண்டு. லிங்க்டுஇன் முழுக்க அப்படிப்பட்ட குறிப்புகளைப் பார்க்கலாம். நல்ல பழக்கம்தான். ஆனால், நேற்று படித்ததை இன்று எழுதியவரின் குறிப்பை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'டம்ப்' வலையில் சிக்காதீர்கள்

கூகுளின் 'புரொபஷனல் டேட்டா இன்ஜினீயர்' தேர்வுக் கட்டணம் 200 டாலர். சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இவ்வளவு காசு கட்டுகிறோமே என்ற பதற்றத்தில் 'அப்படியே வரும் கேள்விகள்' என்று விற்கப்படும் டம்ப் கோப்புகளை வாங்குபவர்கள் உண்டு. தேர்வு விதிகளின்படி இது முறைகேடு. பெற்ற சான்றிதழே ரத்தாகலாம். ரத்தாகாவிட்டாலும், 'இந்தக் கேள்வியின் செலவை எப்படிக் குறைப்பீங்க?' என்று நேர்காணலில் கேட்டால் டம்ப் கைகொடுக்காது.

முதல் வாரத்திலேயே பழக வேண்டியவை

* டேபிளை எட்டிப் பார்க்க 'ப்ரிவியூ' பக்கத்தைத் திறங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.
* ரன் பட்டனை அழுத்தும் முன், எடிட்டரில் காட்டப்படும் மதிப்பீட்டைப் படியுங்கள்.
* ஒரு கேள்வி இத்தனை பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வையுங்கள். தாண்டினால் கேள்வி ஓடாது, காசும் போகாது.
* பெரிய டேபிளைத் தேதிவாரியாகப் பகிர்ந்து வைத்து, தேவையான நாட்களை மட்டும் கேளுங்கள்.
* பட்ஜெட் எச்சரிக்கை என்பது தகவல் மட்டும்தான். அது மெயில் அனுப்பும், செலவை நிறுத்தாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் படிக்கும் பாடத்தில் விலையோ கட்டளையோ பழசாகிப் போயிருந்தால், 'சரி, போகட்டும்' என்று நகர்ந்துவிடாதீர்கள். கிட்ஹப்பில் இருக்கும் பாடமென்றால் திருத்தத்தை நீங்களே அனுப்பலாம். வீடியோ என்றால் கீழே ஒரு வரி எழுதலாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அந்தப் பள்ளத்தில் விழாமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.