தூண்டிலில் விரால் பிடித்தல்

விரால் என்பது குளம், ஏரி, வாய்க்கால்களில் வாழும் நன்னீர் மீன் ஆகும். இதன் விலங்கியல் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. பிற மீன்களையும் தவளைகளையும் வேட்டையாடி உண்ணும். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிரம்பியதும் இதற்குத் தூண்டில் போடுவது வழக்கம்.

இடமும் நேரமும்

விரால் நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். பாசி, ஆகாயத்தாமரை ஓரங்களில் குமிழி எழும் இடத்தைக் கவனித்தால் அதன் இருப்பிடம் தெரியும். காலையும் மாலையும் ஏற்ற நேரங்கள்.

உயிர் இரை

சிறு கெண்டை அல்லது தவளை இரையாகும். கெண்டையின் முதுகுத் துடுப்புக்குக் கீழே முள்ளை மேலாகக் கோத்தால் அது உயிருடன் நீந்தும். தக்கை அமிழ்ந்ததும் இழுக்கக் கூடாது. மீன் இரையை விழுங்கச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

செயற்கை இரை

ஈயக் குண்டு பொருத்திய முள்ளை ஆழத்தில் இறக்கி, தூக்கித் தூக்கி விடுவது ஒரு முறை. இதில் மீன் கடித்தவுடன் இழுக்க வேண்டும். பாசி மிகுந்த இடத்தில் முள் சிக்கும் என்பதால் ரப்பர் தவளையை நீரின்மேல் இழுப்பர்.

குஞ்சுக் காலம்

மழைக்காலமே விரால் இனப்பெருக்கம் செய்யும் காலமும் ஆகும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரியும். தாய், தந்தை மீன்கள் அவற்றைக் காக்கும். காவல் மீன் அருகில் வரும் எதையும் பாய்ந்து கடிப்பதால் எளிதில் பிடிபடும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஆகவே குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தூண்டில் போடாதிருப்பதே அடுத்த ஆண்டும் குளத்தில் விரால் இருக்க வழி.

பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் குத்தகைக் குளங்களிலும் அனுமதி பெற்றே மீன் பிடிக்க வேண்டும்.