இலவசமாய் வந்த பொருளுக்கு விலை எதற்கு?

பண்டிகைக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, பீரோவின் அடித்தட்டிலிருந்து வெளிவரும் துணிகளை என்ன செய்வது என்ற கேள்வி ஆண்டுதோறும் நம் எல்லோர் வீட்டிலும் எழுகிறது. முன்பெல்லாம் பழந்துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வருவார். இரண்டு சரிகைக் கரைச் சேலைகளும் நான்கு பேன்ட்டுகளும் கொடுத்தால் ஓர் எவர்சில்வர் தூக்கு கிடைக்கும்; அதற்கும் அரைமணி நேரப் பேரம் நடக்கும். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் அவரை உள்ளே விடுவதில்லை. ஆகவே மூட்டையாகக் கட்டி ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்திடம் சேர்ப்பித்துவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புகிறோம்.

அதே சேலை பின்னர் ஒரு கடையில் விலைச்சீட்டுடன் தொங்குவதைக் காண நேர்ந்தால் அந்த நிறைவு கசப்பாக மாறிவிடுகிறது. நாம் சும்மா கொடுத்ததை இவர்கள் காசாக்குகிறார்களே என்று தோன்றுகிறது. வாங்க வருபவருக்கும் இதே எண்ணம்தான்: இலவசமாய் வந்த பொருளுக்கு இவ்வளவு விலையா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் கட்டாயம், வங்கி ஊழியர்களாகிய எங்களுக்கே ஒருமுறை ஏற்பட்டது.

புணேயில் நாங்கள் பணியாற்றிய கிளையின் ஊழியர்களும், அருகிலிருந்த குடியிருப்புச் சங்கத்தினரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் விற்பனை நடத்தினோம். கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான மாலைநேரப் படிப்பகம் ஒன்றுக்கு நிதி திரட்டுவது நோக்கம். துணி, பாத்திரம், புத்தகம், மின்விசிறி என்று சங்க மண்டபம் நிரம்பிவிட்டது. விலை குறித்து அதிகம் யோசிக்காமல், ஏழைகள் வாங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், எதை எடுத்தாலும் 10 ரூபாய் என்று எழுதி வைத்தோம். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில், டெம்போவுடன் வந்த இரண்டு பழம்பொருள் வியாபாரிகள் பட்டுச் சேலைகள், மிக்ஸி, பித்தளைக் குடம் என எல்லா நல்ல பொருள்களையும் அள்ளிச் சென்றனர். வீட்டுவேலைகளை முடித்துவிட்டு நண்பகலில் வந்த பெண்களுக்கு எஞ்சியவை பொத்தான் இல்லாத சட்டைகளே. மாலையில் எண்ணிப் பார்த்தபோது படிப்பகத்துக்கு 7,000 ரூபாய்கூட முழுதாகச் சேரவில்லை.

அதைவிட எங்களைச் சங்கடப்படுத்தியது வேறொன்று. மீந்த துணிகளை, அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அம்மையாரிடம் இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னோம். காலையில் பத்து ரூபாய் கொடுத்து ஒரு சேலை வாங்கியிருந்தவர் அவர். கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தமக்கு வேண்டியதை ஏற்கெனவே வாங்கிவிட்டதாக மராத்தியில் சொல்லிவிட்டுச் சென்றுவிட்டார். நிதியும் திரளவில்லை, ஏழைக்கும் பயன்படவில்லை. எங்கே தவறினோம் என்று யோசித்தபோதுதான், இத்தகைய கடைகள் பிற இடங்களில் எவ்வாறு இயங்குகின்றன என்று பார்க்கத் தொடங்கினோம்.

பிரிட்டனில் இவற்றைச் சாரிட்டி ஷாப் என்பார்கள். நாம் அறக்கொடைக் கடை எனலாம். அங்கு இன்று 10,000-க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது, கிரேக்க நாட்டுப் பஞ்சத்துக்கு உதவும் பொருட்டு 1942-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு குழு கூடியது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு அதிலிருந்து பிறந்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில், அதே நகரின் பிராட் தெருவில் 17-ஆம் எண் கட்டடத்தில் அதன் முதல் நிரந்தரக் கடை அமைந்தது. மக்கள் அனுப்பிய துணிகளையும் பொருள்களையும் கடல் கடந்து அனுப்புவதைக் காட்டிலும், உள்ளூரில் விற்றுப் பணமாக அனுப்புவது பல நேரங்களில் மேலானது என்பதை அந்தக் கடை காட்டியது. 1949-இல் ஊதியம் பெறும் ஊழியராக அங்கே சேர்ந்த ஜோ மிட்டி என்பவர், யார் எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்ற துணிவோடு அந்தக் கடையை வளர்த்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடை ஆக்ஸ்ஃபோர்டின் ஏழைகளுக்கு மலிவாகத் துணி கொடுக்கத் திறக்கப்பட்டதன்று. உதவி பெற வேண்டியவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். கடைக்கு வருபவர் வெறும் வாடிக்கையாளர். ஒரு கோட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தால், மறுபாதி பஞ்சத்தில் வாடுபவரிடமிருந்து போகிறது. இதனால்தான் பிரிட்டன் கடைகளில் துணி தரம் பிரிக்கப்படுகிறது. பழைய புத்தகங்களை விவரம் அறிந்தவர் பார்த்து விலையிடுகிறார். எந்த வாரத்தில் மாட்டப்பட்டது என்ற குறிப்பு சீட்டிலேயே இருக்கும். சில வாரங்களில் விற்காதது விலை குறைக்கப்படும் அல்லது வேறு கடைக்குப் போகும். அங்கும் விற்காதது எடைக்குப் போகும். அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் அதன் நலனுக்கேற்பவே நடந்துகொள்ள வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். நல்ல பொருளை மனம்போன போக்கில் அற்ப விலைக்கு விற்பதற்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அரசும் இக்கடைகளுக்குக் கைகொடுக்கிறது. நன்கொடையாக வந்த பொருளின் விற்பனைக்கு மதிப்புக்கூட்டு வரி விகிதம் பூஜ்யம். இங்கிலாந்தில் கடைக் கட்டடத்தின் உள்ளாட்சி வரியில் 80 விழுக்காடு தள்ளுபடி. பொருளைக் கொடுத்தவர் வருமான வரி செலுத்துபவராக இருந்து ஒப்புதலும் தந்தால், அவர் சார்பில் பொருளை விற்று, கிடைத்த தொகையை அவரது நன்கொடையாகக் காட்டி, ஒவ்வொரு பவுனுக்கும் 25 பென்ஸ் வீதம் அரசிடமிருந்து அறக்கட்டளை பெறலாம். கணக்குப் படித்தவர்கள் என்ற முறையில், இந்த ஏற்பாட்டைக் கண்டு எங்களுக்குச் சற்றுப் பொறாமை உண்டானதை மறைப்பதற்கில்லை.

அமெரிக்காவின் குட்வில் வேறொரு நோக்கத்தோடு தொடங்கியது. 1902-இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியானவர்கள் வீடுகளிலிருந்து பழம்பொருள்களைச் சேகரித்தார். வேலையற்ற ஏழைகளைக் கொண்டே அவற்றைத் தைத்து, பழுது நீக்கி விற்றார். அங்கே அறம் என்பது விற்ற பணத்தில் மட்டும் இல்லை, தைத்தவரின் கூலியில் இருந்தது. அப்படிப்பட்ட கடையில் விலை, அந்தக் கூலியைத் தாங்குமளவுக்கு இருந்தாக வேண்டும்.

நம் நாட்டு நிலை இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. இங்கே பழந்துணி எந்நாளும் இலவசப் பொருளாக இருந்ததில்லை. தில்லியின் ரகுபீர் நகரில் விடியலுக்கு முன்பே கூடும் பழந்துணிச் சந்தையை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி சமூகத்துப் பெண்கள், புதுப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாகச் சென்று, பாத்திரத்துக்கு ஈடாகத் துணி வாங்கி, அதை அந்தச் சந்தையில் விற்கிறார்கள். உடுக்கத் தகாத கம்பளித் துணி ஹரியானாவின் பானிபட்டுக்குப் போய், மீண்டும் நூலாகிப் போர்வையாகிறது. சேகரிப்பவர் முதல் நூற்பவர் வரை எத்தனையோ குடும்பங்கள் இதில் பிழைக்கின்றன. இந்தச் சந்தைக்கு நடுவே அறத்தின் பெயரால் ஒருவர் பத்து ரூபாய்க் கடை போட்டால், மலிவின் பயன் ஏழைக்குப் போவதற்கு முன் வியாபாரிக்குப் போவது இயல்பு. எங்கள் மண்டபத்துக்கு வந்த டெம்போக்காரர்கள் மீது எங்களுக்கு இப்போது வருத்தம் இல்லை. விலை தெரிந்தவர்கள் அவர்கள், தெரியாதவர்கள் நாங்கள்.

விலையே இல்லாமல் கொடுத்தால் என்ன? 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோர ஊர்களில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வந்த துணிகள் வேண்டுவார் இன்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அவற்றில் கணிசமானவற்றைத் திரட்டித் தரம் பிரித்துப் பயன்படுத்தும் வேலையைத் தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு மேற்கொண்டது. அன்ஷு குப்தா 1999-இல் வெறும் 67 துணிகளோடு தொடங்கிய அமைப்பு அது. 2015-இல் அவருக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. கூஞ்ச் கிராமத்தாருக்குத் துணியைத் தானமாக வழங்குவதில்லை. ஊர்மக்கள் கூடிக் குளத்தைத் தூர்வாருகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள், பாதையைச் சீரமைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணியும் வீட்டுப் பொருள்களும் அடங்கிய மூட்டை தரப்படுகிறது. விலை இருக்கிறது, அது ரூபாயில் இல்லை. எங்கள் துப்புரவு அம்மையார் ஏன் வெறுங்கையோடு சென்றார் என்பது இதைப் படித்தபின் எங்களுக்கு ஓரளவு விளங்கிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சிறு நகரில் அறக்கொடைக் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வாடகை 12,000 ரூபாய், ஒரு பணியாளருக்கு 10,000, சலவைக்கும் ஆட்டோவுக்கும் 3,000. ஆக மாதச் செலவு 25,000. மூட்டைகள் எத்தனை வந்தாலும், விற்கத் தகுந்தவை மாதம் 600 உருப்படிகள் என்று கொண்டால், ஓர் உருப்படியைக் கடையில் மாட்டி விற்பதற்கு ஏறத்தாழ 42 ரூபாய் ஆகிறது. சராசரியாக 20 ரூபாய்க்கு விற்றால் மாதம் 13,000 ரூபாய் பற்றாக்குறை. அதை ஈடுசெய்வது யார்? அதே அறக்கட்டளைக்குக் காசோலை கொடுத்த மற்றொரு நன்கொடையாளர். சராசரி விலை 60 ரூபாயானால், 11,000 ரூபாய் மிஞ்சும். சும்மா வந்த பொருள் என்பது, கடையின் வாசல்வரைதான் உண்மை.

பற்றாக்குறையில் நடத்துவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அருகிலுள்ள ஏழைகளுக்கு மலிவாக உடுப்பு கிடைக்கச் செய்வதே நோக்கமானால், அந்த 13,000 ரூபாய் அறத்துக்கான செலவு. ஆனால் அது செலவு என்று தெரிந்து செய்ய வேண்டும்; நிதி திரட்டுகிறோம் என்று பலகை மாட்டிக்கொண்டு செய்யக் கூடாது. எங்கள் பிழை அதுவே.

வாடிக்கையாளர்கள் அடிக்கடி எங்களிடம் கேட்கும் வரி பற்றிய ஐயத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு என்று நாம் அறிந்துள்ள சலுகை, பணமாகத் தரும் நன்கொடைக்கே உரியது. துணிக்கும் பாத்திரத்துக்கும் எவ்வளவு மதிப்பிட்டு ரசீது தந்தாலும் அது செல்லாது. பணமேயானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை; காசோலை அல்லது மின்னணுப் பரிமாற்றம் வேண்டும். பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இது பயன்படும். அறக்கட்டளையின் தரப்பில், கடை அதன் நோக்கத்துக்குத் துணையானதாக இருப்பதோடு, அதற்கெனத் தனிக் கணக்கேடுகளும் பராமரிக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்கலாமா என்று கொடுப்பவர் கேட்பதில் தவறேதும் இல்லை. நன்றாக நடத்துபவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

மறு ஆண்டும் விற்பனை நடத்தினோம். இம்முறை மூன்று வாரங்களுக்கு முன்பே பொருள்களை வாங்கித் தரம் பிரித்தோம். எங்கள் கிளையின் காசாளர் பட்டுச் சேலைகளுக்கு விலையிடுவதில் இத்தனை தேர்ந்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது. பட்டு 300 ரூபாய்க்குக் குறையாமலும், அன்றாடத் துணி 30 முதல் 50 ரூபாய் வரையிலும் வைத்தோம். சுற்றியுள்ள வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கு வசதியான நண்பகல் நேரத்தில் திறந்தோம். முதல் இரண்டு மணி நேரம் ஒருவருக்கு ஐந்து பொருள்கள் மட்டுமே. டெம்போக்காரர்களை மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லி, மீந்ததை எடைக்குக் கொடுத்தோம். படிப்பகத்துக்குச் சேர்ந்த தொகை, முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல்.

அந்தத் துப்புரவு அம்மையாரும் வந்திருந்தார். 250 ரூபாய் விலையிட்ட பிரஷர் குக்கர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, மூடியைத் திருப்பிப் பார்த்து, கேஸ்கெட் தேய்ந்திருக்கிறது என்று காட்டி, 200 ரூபாய்க்குப் பேசி வாங்கிச் சென்றார். மறுநாள் காலையில் கிளை திறப்பதற்கு முன்பே குக்கருடன் வாசலில் நின்றார். வெயிட் இல்லாமல் விற்றிருக்கிறோம். எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. கடைத்தெருவில் 60 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வரச்செய்து அவரிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை விற்பனைக் கணக்கின் செலவுப் பக்கத்தில் எழுதினோம்.