பாலித் தீவின் தண்ணீர்க் கணக்கு

1970களில் இந்தோனேசிய அரசு பாலித் தீவுக்குப் பசுமைப் புரட்சியைக் கொண்டுபோனது. குறுகிய கால நெல், ரசாயன உரம், பூச்சிமருந்து. கூடவே, தண்ணீர்க் கோயில்களில் முடிவாகும் நடவு முறைக்குக் காத்திராமல் முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்ற அறிவுரை. தொடக்கத்தில் விளைச்சல் ஏறியது. பிறகு தண்ணீர் முறை குலைந்தது. புகையானும் எலியும் வயலுக்கு வயல் பரவின. மருந்தடித்தும் அடங்கவில்லை.

ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் விவசாயிகளின் சங்கத்துக்கு அங்கே ‘சுபாக்’ என்று பெயர். யார் எப்போது நடுவது, எப்போது தரிசு போடுவது என்பதைச் சுபாக்குகள் தண்ணீர்க் கோயில்களில் கூடித் தீர்மானித்துவந்தன. பாசனத் திட்டத்தோடு வந்த பொறியாளர்களுக்கு அது பூசையாக மட்டுமே தெரிந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்குக்கு அதில் நீர் நிர்வாகம் தெரிந்தது. சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, ஊஸ், பெட்டானு ஆறுகளின் 172 சுபாக்குகளையும் அவர் கணினி மாதிரிக்குள் கொண்டுவந்தார். மழை, ஆற்று நீர், பயிர், பூச்சி எல்லாம் அதில் உண்டு.

அக்கம்பக்கத்து வயல்கள் சேர்ந்து அறுத்து, சேர்ந்து தரிசு கிடந்தால் பூச்சி பட்டினியில் அழியும். ஆனால் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் நாற்று நட்டால் தண்ணீருக்கு எங்கே போவது? மாதிரியிலும் அதுதான் நடந்தது. எல்லாச் சுபாக்கும் ஒன்றாக நட்டால் தண்ணீர்த் தட்டுப்பாடு. அவரவர் இஷ்டத்துக்கு நட்டால் பூச்சி. ஒரே கோயிலில் கூடும் சுபாக்குகள் கோயில் வட்டங்களாகச் சேர்ந்து நட்டபோதுதான் விளைச்சல் உச்சத்தைத் தொட்டது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த சோதனை. இதில் கோயிலே கிடையாது. ஒவ்வொரு சுபாக்கும் அறுவடை முடிந்ததும் பக்கத்தில் யாருக்கு அதிகம் விளைந்தது என்று பார்த்து, அவர்களுடைய நடவு முறையை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விதி. கணினியில் சில ஆண்டுகள் ஓடியதும், கோயில் வட்டங்களை ஒத்த கூட்டங்கள் தாமாகவே உருவாகிவிட்டன. மேலிருந்து ஆணையிட யாருமே இல்லை! சமூகத்தைக் கணக்கில் அடக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

தலைமடைக்காரர் ஏன் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார்? லான்சிங்கும் பொருளியலாளர் ஜான் மில்லரும் விவசாயிகளிடமே விசாரித்தார்கள். கடைமடைக்காரர்களின் பெரிய கவலை தண்ணீர், தலைமடைக்காரர்களுக்கோ பூச்சி. கடைமடை தன்னோடு சேர்ந்து நடாவிட்டால் அங்கே பெருகும் பூச்சி மேலே ஏறிவரும். அதனால் மதகைத் திறந்துவிடுவது தலைமடைக்கும் லாபம்தான். ஊர் ஊராக நடந்து கேட்டறிந்த மனிதர் மாதிரியைக் கட்டியதால்தான் சரியான கேள்வி அதற்குள் போனது என்பது என் எண்ணம். வெறும் புள்ளிவிவரத்தை வைத்துக் கட்டியிருந்தால் கோயில் அதில் ஒரு மூலையில்கூட இடம்பெற்றிருக்காது.

1988இல் ஆசிய வளர்ச்சி வங்கி, தான் கடன் கொடுத்த பாசனத் திட்டத்தை மதிப்பிட்டபோது கோயில்களின் பங்கை ஒப்புக்கொண்டது. 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று வயல்கள் விடுதிகளுக்கும் வில்லாக்களுக்கும் கைமாறிவருகின்றன. மாதிரியின் சுபாக்குகளோ ஆண்டுதோறும் தவறாமல் நடவு செய்கின்றன; நிலத்தை விற்றுவிட்டுப் போவது அங்கே யாருக்கும் ஒரு வழியாகத் தரப்படவில்லை. பக்கத்து வயல் விடுதியானபின் அதைப் பார்த்து எதைப் பின்பற்றுவது என்பதற்கும் அந்தக் கணக்கில் விதி கிடையாது. அதை இனிமேல்தான் எழுதியாக வேண்டும்.