உள்ளாடையில் வெளிறிய திட்டு

கல்யாண் போன்ற புறநகர்களில், சால்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்குத் துணி உலர்த்தும் கொடி பெரும்பாலும் பொதுவானது. பெண்கள் தம் உள்ளாடையை வேறொரு துணியின் அடியில் மறைத்தே உலர்த்துவர். கறுப்பு அல்லது நீல ஆடையின் நடுவே சாயம் வெளுத்த திட்டைக் கண்டு, நோய் வந்துற்றதென அஞ்சித் தாயிடமும் கூறாதிருப்போர் உண்டு. அவ்வச்சம் வேண்டாதது, அஞ்சவேண்டிய கறை வேறு.

பெண்ணின் பிறப்புவழியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. 1892-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் இவற்றை விவரித்தார். தயிரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு இவை உறவானவை. அவற்றைப் போலவே லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. குறையக் குறைய அமிலம் மிகும். பருவமடைந்த பெண்ணிடம் இவ்வளவு சாதாரணமாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும். இந்த அமிலமே நோய்க்கிருமிகளைத் தடுக்கிறது. ஆடையின் சாயத்தையும் வெளுக்கச் செய்கிறது. வெள்ளாடையில் கசிவு உலர்ந்து இளமஞ்சளாவதும் இயல்பே. சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உட்புறத்தைக் கழுவினால், காவல் புரியும் நுண்ணுயிர்களே அழியும். வெளிப்புறத்தை நீரால் கழுவுதல் போதும்.

ஆனால், அரிப்புடன் தயிர்த்திரள் போன்ற கசிவு, மீன்வாடையுடைய சாம்பல்நிறக் கசிவு, பச்சைநிற நுரைக்கசிவு ஆகியவை தொற்றின் அடையாளங்கள்; எளிதில் குணமாவன. மாதவிடாய் அல்லாத நாட்களிலோ, கூடலுக்குப் பின்னரோ, மாதவிடாய் நின்ற பின்னரோ தோன்றும் இரத்தக்கறையை ஒருநாளும் மறைக்கலாகாது. அது கருப்பைவாய்ப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

பரேலில் 1941-இல் நிறுவப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையினர், 1998-இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 1,50,000 பெண்களை இரு பிரிவாக்கி ஆய்வு தொடங்கினர். ஒரு பிரிவினருக்கு அறிவுரை மட்டும் கூறப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவிப் பார்த்தனர். கெடுதலுற்ற இடம் வெண்மையாகத் தெரியும். இவ்வெளிய சோதனையால் அப்புற்றினால் நேரும் மரணம் 31 விழுக்காடு குறைந்ததென 2014-இல் வெளியான முடிவு தெரிவித்தது.

ஆதலின் சகோதரிகளே, வெளிறிய திட்டைக் கண்டு வருந்தாதீர். ஆடையை வெயிலிலே உலர்த்துங்கள். காலமல்லாக் காலத்தில் இரத்தக்கறை கண்டால், மொழி தெரியாதே என்று தயங்காது மருத்துவரிடம் செல்லுங்கள். வெட்கத்தினால் இழக்கும் நாட்கள் திரும்பி வாரா.