லினோவில் ஒரு முகம்

லினோ அச்சில் முகம் செதுக்குகிறவர் உளியால் வெளிச்சத்தை வெட்டுகிறார். உளி பட்ட பள்ளத்தில் மை ஏறாது. தாளில் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். உளி படாததெல்லாம் கறுப்பு. நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. கன்னத்து மேடு, கண்ணடியில் தேங்கிய சோர்வு, இறுகிய உதடு எல்லாவற்றையும் கோடுகளின் தடிப்பும் நெருக்கமுமே சொல்லியாக வேண்டும். சுருக்கம் விழுந்த முகங்கள் இந்தக் கலைக்கு அவ்வளவு பொருந்துவது அதனால்தான்.

லினோ என்று சுருக்கி அழைக்கப்படும் லினோலியம் 1860களில் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் வால்டன் தரைக்கு விரிக்க உருவாக்கிய பொருள். ஆளிவிதை எண்ணெய், பிசின், தக்கைத்தூள் கலந்து சணல் துணியில் பரப்பியது. மரத்துக்கு உள்ள இழையோட்டம் இதற்கு இல்லாததால் உளி எந்தப் பக்கமும் தடையின்றி வளையும். குளிரில் மட்டும் விறைத்துக்கொள்ளும். மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் போன்ற மலையூரில் வெட்டுமுன் சற்று நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும்.

மெல்லிய கோட்டுக்கு வி வடிவ உளி, அகலமாக அகற்ற யு வடிவ உளி. உளியைப் பிடிக்காத கை எப்போதும் அதன் முனைக்குப் பின்னால் இருக்கட்டும். உருளையால் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு விழும். படம் இடவலம் மாறி விழும் என்பதை மறக்கக் கூடாது. நேராக வரைந்து வெட்டினால் வலப்பக்க மூக்குத்தி இடப்பக்கம் போய்விடும்!

1930இல் உப்புச் சத்தியாகிரகத்தையொட்டி ஓவியர் நந்தலால் போஸ் செதுக்கிய காந்தி, கறுப்புப் பரப்பில் சில வெள்ளைக் கோடுகள்தான். கோலூன்றி நடக்கும் அந்த உறுதி இன்றும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது, கலைஞர் எலிசபெத் காட்லெட் 1952இல் மெக்சிகோவில் செதுக்கிய கறுப்பினக் குத்தகை உழவுப் பெண். அகன்ற தொப்பி, மேலாடையைச் சேர்த்துப் பிடிக்கும் ஊக்கு, பொடிக் கோடுகளால் நிறைந்த முகம். அதில் வறுமை தெரிகிறது, பணிவு இல்லை.

ரிங்லெட்டை அடுத்த போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. இந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்த நம் பெண்களின் முகங்களும் அப்படிச் செதுக்கப்பட வேண்டியவை. உங்கள் வீட்டில் அப்படியொரு பாட்டி இருந்தால் முதல் தகட்டில் அவரையே வெட்டுங்கள். ஒரே தகட்டில் பல பிரதிகள் எடுக்கலாம். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுங்கள்.